வெள்ளிக்கிழமை ஏழு மணி

ஹெல்சிங்கியின் கல்லியோ பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கதவு என்று இருந்தவை மூன்று: வாசல் கதவு, குளியலறைக் கதவு, ஃபிரிட்ஜ் கதவு. மற்றதெல்லாம் திரைச்சீலை. நானும் என் கணவன் யல்மாரியும் கூடத்து சோபாவை ராத்திரி விரித்து, காலையில் மடித்து, பதினோரு வருஷம் ஓட்டினோம். மூத்தவள் வென்லாவுக்குப் பதினாலு வயதாகிவிட்டது. கணக்குப் பாடத்தைக் கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்துதான் போடுவாள். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டால், ஆறு வயசு பிஹ்லா வெளியே காலைப் பின்னிக்கொண்டு நிற்பாள். நகரத்துக்குள் இன்னும் ஓர் அறை கூடுதலாக வேண்டுமென்றால் இரண்டு பேர் சம்பளமும் வாடகைக்கே சரியாகிவிடும். அப்புறம் அந்த அறையைத்தான் பிட்டுத் தின்ன வேண்டும்.

அந்தப் பழைய வாடகைக்கே கெரவாவில் ஒரு வரிசை வீடு கிடைத்தது. ரயிலில் அரை மணி நேரம். மாடி உண்டு. போய்ப் பார்த்த அன்று நான் எண்ணினேன்: ஒன்பது கதவு. திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. யல்மாரி ஜன்னல் பக்கம் திரும்பி மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"எல்லாம் சரிதான். சவுனா எப்படி?" என்றான்.

"முற்றத்துக் கோடியில இருக்கு. பத்து வீட்டுக்கும் பொது."

"வெள்ளிக்கிழமை ஏழு மணி கிடைக்குமா?"

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. சவுனா என்பது சூட்டில் உட்கார்ந்து வேர்க்கிற நீராவிக் குளியல் அறை. பொது சவுனா என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் முறை. அந்த ஒரு மணி நேரம் நம்முடையது, வேறு யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. அதில் வெள்ளி ஏழு மணி என்பது ராஜ முறை. வாரம் முழுக்கச் சேர்ந்த அசதியும் எரிச்சலும் சூட்டில் வேர்த்து வடிந்துவிடும், மறுநாள் வேலையும் இருக்காது. யல்மாரி டிராம் ஓட்டுகிறவன். தண்டவாளத்தில் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிற ஜனங்களுக்கு ஐந்து நாள் மணியடித்து மணியடித்துத் தலை காய்ந்துபோய் வருவான். கல்லியோவில் அந்த முறைக்காக எட்டு வருஷம் காத்திருந்தான். மூன்றாம் மாடிக்காரர் காலமான பிறகுதான் கிடைத்தது. துக்கம் கேட்கப் போன இடத்தில் வாய் வரை வந்ததை அடக்கிக்கொண்டு, மறுநாள் போய் எழுதிக் கொடுத்தான்.

"வெள்ளி இல்லன்னா நான் வரல, கிர்சி" என்றான். விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை அவன்.

மறுநாள் கெரவாவில் சவுனாப் பட்டியலைப் பார்த்துக்கொள்கிற ரவுத்தலா என்பவருக்குப் போன் செய்தேன். ஏழாம் எண் வீட்டுக்காரர்.

"வெள்ளி ஏழு மணி காலியா இருக்கா?"

"இல்லம்மா."

"எப்போ காலியாகும்?"

கொஞ்சம் யோசித்தார். "நான் செத்தா."

செவ்வாய்க்கிழமை நாலு மணி வேண்டுமானால் இருக்கிறது என்றார். செவ்வாய் நாலு மணிக்கு யல்மாரி டிராமில் இருப்பான். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். திரைக்கு அந்தப் பக்கம் போய் யல்மாரியிடம், "கிடைச்சிடுச்சு" என்றேன்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், ஒரே ஒரு பொய் சொல்லி ஒரு வீடு மாறக் கூடாதா? அன்று சாயங்காலமே அவன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். அது ஆகஸ்ட். இந்த வாரம் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று தள்ளித் தள்ளி அக்டோபர் கடைசி வந்துவிட்டது. நாங்கள் சாமானைக் கட்டிய நாள், என் போதாத காலம், வெள்ளிக்கிழமை.

டிராம் டிப்போ நண்பர்கள் நாலு பேர் வந்து தூக்கிக் கொடுத்தார்கள். கூலி வழக்கம்போல பிட்சாவும் பீரும். ஐந்தரைக்கு அவர்களை அனுப்பியாயிற்று. சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். மாடியில் வென்லாவின் கட்டிலுக்குத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தன் அறைக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தாள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இவர்களை மறுபடி அந்தத் திரைச்சீலைக்குக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

கீழே வந்தால் பிஹ்லா மட்டும் பெட்டி மேல் உட்கார்ந்து பிட்சா விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா எங்கடி?"

"சவுனாவுக்குப் போயிட்டாரு. கண்ணாடியக் கழட்டி என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

மணி ஏழாகப் போகிறது. வீட்டுச் செருப்போடு ஓடினேன். முற்றத்துப் புல்லில் பனி கட்ட ஆரம்பித்திருந்தது. சவுனா வாசலில் விளக்கு எரிந்தது. கதவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பட்டியல்: வெள்ளி ஏழு, ரவுத்தலா. மை வெளுத்துப்போகும் அளவுக்குப் பழைய எழுத்து. மூக்குக்கண்ணாடி இல்லாத யல்மாரிக்கு அது தெரிந்திருக்காது. கண்ணாடி போட்டிருந்தாலும் படித்திருக்க மாட்டான். பொண்டாட்டி சொல்லியாயிற்றே. அடுத்தவர் முறையில் சவுனாவுக்குள் நுழைவது என்பது எங்கள் ஊரில் அடுத்தவர் கட்டிலில் போய்ப் படுப்பது மாதிரி. குடி வந்த முதல் நாளே இந்தக் காரியம்.

உள்ளே போய் அவனை இழுத்துக்கொண்டு வர நான் கைப்பிடியைத் தொட்டபோது பின்னால் செருப்புச் சத்தம். நெட்டையான ஒரு மனிதர், தோளில் துண்டு, ஒரு கையில் பீர், மறு கையில் காகிதத்தில் சுற்றிய தொத்திறைச்சி. அறுபது வயதிருக்கும். என்னைப் பார்த்தார், எரிகிற விளக்கைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார்.

"உள்ள யாரு?"

"என் வீட்டுக்காரர்."

"மணி ஏழு."

"தெரியும்." அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ஆகஸ்ட், போன், திரைச்சீலை, கழிப்பறை மூடி, ஒன்பது கதவு எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். "அவர் மேல தப்பில்லைங்க. நான்தான் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

ரவுத்தலா கடைசி வரை கேட்டார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார்.

நான் வாசலிலேயே நின்றேன். கால் விறைத்தது. உள்ளே பேச்சுக் குரலே இல்லை. சண்டை கேட்டிருந்தால்கூடத் தேவலை. கல் அடுப்பில் தண்ணீர் விழுந்து சீறுகிற சத்தம் ஒரு தடவை வந்தது. நெடுநேரம் கழித்து இன்னொரு தடவை. இப்போது யல்மாரி வெளியே வருவான், பெட்டிகளை மறுபடி கட்டு என்பான் என்று காத்திருந்தேன். காலிப் பெட்டிகளை எங்கே போட்டேன் என்றுகூட யோசித்தாயிற்று.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. இரண்டு பேரும் இடுப்பில் துண்டோடு வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இருவர் உடம்பிலிருந்தும் ஆவி பறந்தது. ரவுத்தலா தொத்திறைச்சியை இரண்டாகப் பிய்த்தார். பெரிய பாதி யல்மாரிக்குப் போனது.

"கல்லு மேல நல்லாத் தண்ணி ஊத்துறான்" என்றார் என்னிடம். "அவசரப்படாம, கொஞ்சம் கொஞ்சமா. என் தம்பி அப்படித்தான் ஊத்துவான். ரெண்டு வருஷமாச்சு அவன் போய். அதுலேர்ந்து தனியாத்தான் உக்கார்றேன்."

"பத்து வீடு இருக்கே. யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டா மறுக்க முடியாம வருவாங்க. பாவம்."

"நான் அன்னிக்குப் போன் பண்ணப்போ..."

"காலியான்னு கேட்டே. இல்லன்னு சொன்னேன்" என்று தொத்திறைச்சியை மென்றார். "கூட வரலாமான்னு நீ கேக்கலியே."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்த மனிதர் தனியாக இருக்க விரும்புகிறார் என்று ஒன்பது வீட்டுக்காரர்கள் இரண்டு வருஷமாக மரியாதையாக ஒதுங்கியிருக்கிறார்கள். தன்னோடு உட்கார யாருக்கும் பிடிக்கவில்லை என்று இவர் மரியாதையாகச் சும்மா இருந்திருக்கிறார். நாங்கள் மரியாதையிலேயே அழிந்துபோகிற ஜாதி.

"அடுத்த வெள்ளி பீர் நீ கொண்டு வா" என்று யல்மாரியிடம் சொல்லிவிட்டு ரவுத்தலா எழுந்து போனார்.

நானும் யல்மாரியும் முற்றத்தைப் பாதி கடந்தோம்.

"நீ வாசல்ல சொன்னதெல்லாம் உள்ள கேட்டுச்சு. ஆகஸ்ட்லேர்ந்தேவா?" என்றான்.

"ஆமா. தப்புதான். நீ வரமாட்டேன்னு பயந்துட்டேன்."

அவன் நின்று வீட்டைப் பார்த்தான். மாடியில் வென்லாவின் ஜன்னலில் விளக்கு. கீழே பிஹ்லா அவனுடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் மூக்கை அழுத்தியிருந்தாள்.

"வெள்ளி இல்லன்னாலும் வந்திருப்பேன்" என்றான்.

"அடப் பாவி! அதை ஆகஸ்ட்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? மூணு மாசமா எனக்குத் தூக்கமில்ல."

"கிடைக்கலன்னு நீ சொல்லவேயில்லையே."

அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். சவுனாச் சூடு கையில் ஒட்டியது. அன்று ராத்திரி பெட்டிகளைப் பிரிக்காமல் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தோம். படுக்குமுன் நான் எழுந்துபோய் எங்கள் அறைக் கதவைச் சாத்தினேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகு, எங்கள் கதவு.