நாயிஃப் நீட்டிய குனாஃபா

காலை ஒன்பது மணிக்கு மருத்துவமனை வாசலில் காரை விட்டு இறங்கிய அபூ முந்திர், கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போலச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பின்னால் அவர் மனைவி ரஸ்மிய்யா வலது விலாவைப் பிடித்தபடி வந்தாள். பித்தப்பையில் கல் என்று சந்தேகம். இன்று ஸ்கேன் எடுத்து அறிக்கையோடு வியாழக்கிழமை வந்தால், அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வலியோடு ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த ஸ்கேன் தேதி இது. எழுந்ததிலிருந்து அவள் ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை.

"டோக்கன் வாங்கணும்ங்க."

"டோக்கனா? இந்த இர்பித் ஊர்ல பாதிப் பேரு நம்ம சொந்தக்காரங்க. நாயிஃப் எதுக்கு இருக்கான்? பேசாம வா, உம்மு முந்திர்." மகன் முந்திரின் அம்மா என்று அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

நாயிஃப் அவருடைய சித்தப்பா மகன். அங்கே பதிவேட்டு அறையில் வேலை. சிபாரிசு இல்லாமல் ஒரு காரியம் செய்வது அபூ முந்திருக்கு மானக்கேடு. ரொட்டிக் கடை வரிசையில்கூட அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

நாயிஃப் ஒரே ஒரு போன் செய்தான். ரஸ்மிய்யாவின் பெயர் பட்டியலின் மேலே ஏறிவிட்டது. கையோடு ஒரு தட்டில் குனாஃபா இனிப்பும் வந்தது. மேலே பாகு, கீழே சீஸ், விளிம்பெல்லாம் நெய்.

"தம்பி, வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க," என்றாள் ரஸ்மிய்யா.

"என் மேசைக்கு வந்த அண்ணி வெறும் வாயோட போனா, நாளைக்குச் சொந்தக்காரங்க முன்னால நான் தலை காட்ட முடியுமா? ரெண்டே வாய்."

அவள் கணவனைப் பார்த்தாள். 'வாங்கிக்கோ' என்று அவர் கண்ணைக் காட்டினார். தம்பியின் முகம் வாடக் கூடாது என்பதுதான் அப்போது அவருக்குப் பெரிதாக இருந்தது. ரெண்டு வாய், முழுத் தட்டாக முடிந்தது.

ஸ்கேன் அறை வாசலில் மஞ்சள் முக்காடு போட்ட ஓர் இளம்பெண், தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "மாமா, இப்ப என் நம்பர்."

"ரெண்டு நிமிஷம்மா," என்று சொல்லி அபூ முந்திர் மனைவியோடு உள்ளே நுழைந்துவிட்டார்.

ஸ்கேன் எடுக்கும் ஃபெர்யால் வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை நகர்த்திப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "என்ன சாப்பிட்டீங்க?"

ரஸ்மிய்யா உள்ளதைச் சொன்னாள்.

"நெய்யும் சீஸும் போனா பித்தப்பை சுருங்கிடும். கல்லு இருக்கா இல்லையான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

"நாயிஃப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்றார் அபூ முந்திர்.

"நாயிஃப் என் பட்டியலை மாத்துவாரு ஐயா. உங்க வீட்டம்மா பித்தப்பையையும் நிரப்பித் தருவாரா? இனிமே ஒண்ணும் சாப்பிடாம இருக்கட்டும். மூணரைக்குக் கடைசியா நேரம் இருந்தா பாக்கறேன். டோக்கன் வாங்கிட்டு வாங்க."

வெளியே வந்தார்கள். மஞ்சள் முக்காட்டுப் பெண் கழிவறையிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "சிறுநீர்ப்பை நிறைஞ்சிருந்தாத்தான் எனக்கு ஸ்கேன் எடுக்க முடியும். அடக்க முடியல மாமா. இனி முதல்லேர்ந்து தண்ணி குடிக்கணும். ஊருக்குத் திரும்ப அஜ்லூன் பஸ் வேற பிடிக்கணும்."

ரஸ்மிய்யா குரலை உயர்த்தவில்லை. "ஒரு சிபாரிசும் ஒரு தட்டு குனாஃபாவும் சேர்ந்து ரெண்டு பேரு ஸ்கேனும் போச்சு, அபூ முந்திர். எனக்கு வலி வர்றப்ப நாயிஃபா வந்து தாங்குவான்?"

அவருக்குக் காது சுட்டது. வெட்கமாக இருந்தது. கீழே போனார். மனைவிக்கு முப்பத்தொன்றாம் டோக்கனும், அந்தப் பெண்ணுக்குப் பெரிய தண்ணீர் பாட்டிலும் வாங்கி வந்தார். "குடிம்மா. இனி டோக்கன் இல்லாம எவனும் உனக்கு முன்னால உள்ள போக மாட்டான். அதுக்கு நான் பொறுப்பு." சொன்னதோடு கதவில் முதுகைச் சாய்த்து நின்றும் கொண்டார்.

அரை மணியில் நாயிஃப் ஒரு கோட்டுக்காரரோடு வந்தான். "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. நம்ம ஆளு."

"அப்ப இந்த பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க யாரு ஆளு?" அபூ முந்திர் நகரவில்லை. "தம்பி, நீ பாசத்துலதான் செய்யறே, எனக்குத் தெரியும். ஆனா நீ ஒருத்தரை முன்னால தள்றப்ப, முறையா நிக்கற ஒருத்தர் பின்னால விழறாங்க. இன்னிக்கு அந்த முகத்தை நான் நேர்ல பாத்துட்டேன். சாரைக் கீழ போய் டோக்கன் வாங்கச் சொல்லு."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கோட்டுக்காரர் படியிறங்கினார். பதினொரு மணிக்கு அந்தப் பெண் உள்ளே போய், சிரித்த முகத்தோடு திரும்பினாள்.

மூன்றரைக்கு முப்பத்தொன்றைக் கூப்பிட்டார்கள். இம்முறை திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு கற்கள். ரஸ்மிய்யா அறிக்கையோடு வெளியே வந்து கணவனைக் குறும்பாகப் பார்த்தாள். "வியாழக்கிழமை டாக்டரைப் பாக்கணும். நாயிஃபுக்குச் சொல்லிடலாமா?"

"வேண்டாம்மா, டோக்கன் வாங்கியே போவோம்," என்றார் அபூ முந்திர். "சிபாரிசை இத்தனை நாளா கௌரவம்னு நினைச்சேன். அடுத்தவங்க முறையை எடுத்துக்கறதும் திருட்டுதான்."