பேசாமல் கிடப்பவர்

...இன்னும் ஒரு பத்தி, அதோடு நிறுத்திவிடலாம், முதுகைப் பற்றி எழுதியாயிற்று, குதிகாலை விட்டுவிட்டால் எப்படி, மாதக்கணக்கில் படுத்தே கிடப்பவருக்குப் புண் அங்கேயும்தானே வரும், என்று எழுதிக்கொண்டே போனவள் தலையை நிமிர்த்தியபோது சுவர்க் கடிகாரம் பாதி நேரத்தைத் தின்றுவிட்டிருந்தது. ஐந்து கேள்வி, அவள் இன்னும் முதல் கேள்வியிலேயே. பக்கத்து மேசைக்காரி மறுபடியும் கூடுதல் தாள் கேட்கிறாள்... சரி, விடு, அடுத்ததற்குப் போ. எப்படிப் போவது? பாதி புரட்டிய நோயாளியை அப்படியே விட்டுவிட்டு எந்த நர்ஸாவது அடுத்த கட்டிலுக்குப் போவாளா? வார்டில் எல்லோரும் 'கடிகாரம்' என்று கூப்பிடும் தோழி நேற்றுகூடச் சிரித்தாள், "நீ ஒரு பெட்டுகிட்ட போனா அங்கயே குடித்தனம் பண்ணுவ. பரீட்சையிலயாவது நகருடி, மகராசி." நகர்வதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தாள்...

இரண்டாவது, மூன்றாவது, எழுத்து கோழி கிளறியது போல ஓடுகிறது, நாலாவதில் பாதி. போன வருஷமும் இதே கதைதான். தேறினால் வார்டு மேற்பார்வை, ராத்திரி டியூட்டி கிடையாது. மகளிடம் சொல்லியும்விட்டாள், "இந்தத் தடவை பாஸாயிட்டா சாயந்திரம் நான் வீட்டுலதான்." "போன வருஷமும் இதத்தாம்மா சொன்ன." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், சிரித்தாள்தானே? முன்பெல்லாம் சமையலறைக்கும் குளியலறைக்கும் வால் பிடித்தபடி வருவாள், அம்மா இதக் கேளேன், அம்மா ஒரு நிமிஷம், இருடி, டியூட்டிக்கு நேரமாச்சு, உனக்கு நேரங்காலமே கிடையாதா... இப்போது அந்த நச்சரிப்பு இல்லை. பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தோழி கடிகாரத்திடம் பெருமையடித்துக்கொண்டாளே. இன்று காலை மகள் கதவோரம் வந்து நின்றாள். என்னடி? ஒண்ணுமில்லம்மா, நீ போ, நல்லா எழுது. பேனாவைத் தேடுகிற அவசரம், முகத்தைப் பார்த்தாளா? பார்த்த ஞாபகமே இல்லை. எழுது, எழுது, இதையெல்லாம் அப்புறம் நினைத்துக்கொள்ளலாம்...

"எல்லாரும் முடிச்சுக்குங்க," என்று கண்காணிப்பாளர் குரல் கொடுத்துக்கொண்டே வருகிறார். ஐந்தாவது கேள்வியை இப்போதுதான் முழுசாகப் படிக்கிறாள். விபத்தில் அடிபட்ட மூவரை ஒரே நேரத்தில் கொண்டுவருகிறார்கள், ஒருவர் கத்துகிறார், ஒருவர் அழுகிறார், ஒருவர் பேசாமல் கிடக்கிறார், முதலில் யாரிடம் செல்வீர்கள், ஏன்? ஐயோ, இதையல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும், தூக்கத்தில் தட்டியெழுப்பிக் கேட்டாலும் சொல்வாளே. கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, அழுகிறவருக்கு நினைவு இருக்கிறது, சத்தமே இல்லாமல் கிடப்பவரைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால்... பேனா அங்கேயே நின்றுவிட்டது. கதவோரம், பள்ளிச் சீருடையில், ஒண்ணுமில்லம்மா.

"தாளக் குடுங்கம்மா, நேரம் முடிஞ்சுபோச்சு."

"ஒரு நிமிஷம் சார்..." சொன்ன பிறகுதான் உறைத்தது, வீட்டில் இந்த வார்த்தையைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, எப்போது நின்றது, கடைசியாக மகள் கேட்டபோது என்ன சொல்ல வந்தாள்... தாள் விரல்களுக்கிடையிலிருந்து நழுவி அவர் கைக்குப் போய்விட்டது.