பத்தாவது பெயர்

சென்னை அணியின் ஆபீஸிலிருந்து வந்திருந்த சாய்நாத் நீட்டிய டேப்லெட்டில் பத்துப் பெயர்கள் இருந்தன. விருத்தாம்பாள் நெற்றியில் ஏற்றி வைத்திருந்த கண்ணாடியை இறக்கி, மேலிருந்து கீழே படித்தாள். முதல் பெயர் மங்கலம்பேட்டை தமிழ்ச்செல்வி. அதில் அவளுக்கு வழக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெண் பந்தோடு கிளம்பினால் பின்னால் வருகிறவர்கள் புழுதியைத்தான் தின்ன வேண்டும். கடைசிப் பெயரில் வந்து நின்றாள். சிவப்ரியா, சிதம்பரம், கோல்கீப்பர்.

"இவளுக்குப் பத்தாவது எடம் யாரு குடுத்தது?"

"சிஸ்டம் குடுத்தது மேடம். ஏழு மேட்ச் வீடியோவையும் பாத்துட்டுதான். பண்ருட்டி கீப்பர் பொண்ணு மேட்ச்சுக்கு எட்டு, ஒம்போது பந்து தடுக்குது. இவங்க சராசரி ரெண்டு."

சென்னையின் தொழில்முறைப் பெண்கள் ஹாக்கி அணி ஒன்று வருடா வருடம் கடலூரில் தேர்வு நடத்தி, பதினெட்டு வயதைத் தாண்டாத பத்துப் பேரை வரிசைப்படுத்தும். முதல் நான்கு பேருக்கு இரண்டு வருட ஒப்பந்தம். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அணியுடையது. மற்ற ஆறு பேருக்குக் கைகுலுக்கல். ஆறு வருடமாக இந்த வரிசையைப் போட்டவள் விருத்தாம்பாள். சிதம்பரத்தில் பி.டி. டீச்சர். இந்த வருடம்தான் சிஸ்டம் என்று ஒன்று வந்து குந்திக்கொண்டது. எண் அதனுடையது, கையெழுத்து மட்டும் இவளுடையதாம்.

ஒரு காலத்தில் அவளும் கோல்கீப்பர்தான். அதனால் ஆட்டம் பார்க்க மற்றவர்களைப் போல நடுக்கோட்டுப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார மாட்டாள். கோல் வலைக்குப் பின்னால் போய் நிற்பாள். கேமரா பந்தின் பின்னாலேயே ஓடுகிற ஜாதி. பந்து அந்தக் கோடியில் இருந்தால் இந்தக் கோடியில் நிற்கிறவள் படத்திலேயே இருக்க மாட்டாள். ஆனால் வலைக்குப் பின்னால் நின்றால் சிவப்ரியா என்ன செய்கிறாள் என்பது காதில் விழும். "எடது பக்கம் போ. அவள வுடாத. ரெண்டடி பின்ன வா." முன்னால் நிற்கிற நான்கு தடுப்பாளர்களையும் வாயாலேயே நகர்த்தி, எதிராளி நுழையக்கூடிய இடைவெளியை அவள் நுழையும் முன்பே அடைத்துவிடுவாள். பந்தே வராத கோலில் எதைத் தடுப்பது? கெட்டிக்காரத்தனத்துக்குத் தண்டனை பத்தாவது இடம்.

இருபது வருடத்துக்கு முன்னால் 'வேலையே இல்லாத கீப்பர்' என்று சிரித்துக்கொண்டே விருத்தாம்பாளையும் கழித்துக்கட்டிய தேர்வாளர், அதற்குச் சிஸ்டம் எதுவும் வைத்திருக்கவில்லை. அது ஒன்றுதான் வித்தியாசம்.

சாய்நாத் கெட்டவன் இல்லை. அவள் சொன்னதை எல்லாம் கேட்டான். "எனக்குப் புரியுது மேடம். ஆபீஸ்ல புரியாது. நீங்களும் சிதம்பரம், அவங்களும் சிதம்பரம். ஊர்ப்பாசம்னுடுவாங்க. ஒண்ணு பண்ணலாம். இப்பவே அரை மணி நேரம் தமிழ்ச்செல்வி டீமுக்கு எதிர்ல ஆடட்டும். ஆறு பந்து தடுத்தாங்கன்னா நம்பர் தானா மேல ஏறிடும்."

சிவப்ரியா கோல் கம்பத்தில் சாய்ந்து காலுக்குப் பேட் கட்டிக்கொண்டிருந்தாள். மேல வீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவரின் மகள். ஆடி பிறந்தால் வயது தாண்டிவிடும். விருத்தாம்பாள் அவள் பக்கத்தில் குனிந்தாள். சொல்லப்போவது தனக்கே அசிங்கமாக இருந்ததால் வேகமாகச் சொன்னாள்.

"இன்னிக்கி வாய மூடிக்கிட்டு நில்லுடி. பந்து வரட்டும். ஆறு தடுத்தா போதும்."

"கோல் ஆயிடுச்சின்னா மிஸ்?"

"ஒண்ணு ரெண்டு ஆனா ஆவட்டும். தடுத்ததுதான் கணக்கு."

அந்தப் பெண் பட்டையை இழுத்து இறுக்கினாள். "முன்னாடி நாலு பேரு நிக்கிறாங்க மிஸ். அவுங்களும் செலக்ஷனுக்குத்தான் வந்துருக்காங்க. அவுங்கள அம்போன்னு வுட்டுட்டு நான் மட்டும் ஷோ காட்டணுமா?"

"அடுத்த வருசம் உனக்குக் கெடையாது."

"தெரியும் மிஸ்" என்றவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

ஆனாலும் விசில் ஊதியதும் அவள் வாய் திறக்கவில்லை. மூன்றாவது நிமிடம் தமிழ்ச்செல்வி வலப்பக்கம் புகுந்து அடித்தாள். சிவப்ரியா இடது காலை நீட்டி உதைத்துத் தள்ளினாள். நல்ல தடுப்பு. சாய்நாத் தூரத்திலிருந்து கட்டை விரலைக் காட்டினான். தமிழ்ச்செல்வியைத் தவறவிட்ட தடுப்பாளர், லால்பேட்டைப் பெண் மட்டும் திரும்பி கோலைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்கிற முகம். அழுகைக்கு ஒரு விரற்கடை பாக்கி.

அவ்வளவுதான். சிவப்ரியாவின் தொண்டை திறந்துகொண்டது. அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஒரு பந்தும் கோல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. விருத்தாம்பாளுக்கு அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. சற்று முன் தான் சொல்லிக்கொடுத்த புத்தியை நினைத்துக் கூசினாள்.

சாய்நாத் வலைக்குப் பின்னால் வந்தான். "ஒண்ணுதான் மேடம். இன்னும் ஏழு நிமிஷந்தான் இருக்கு."

"குடு தம்பி அத."

டேப்லெட்டை வாங்கினாள். பத்தாவது பெயரின் மேல் விரலை வைத்து இழுத்தாள். அது ஒன்பதைத் தாண்டி, எட்டைத் தாண்டி, தமிழ்ச்செல்விக்கும் மேலே போய் உட்கார்ந்தது. கீழே விரலாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

"மேடம், நாலாவதா போட்டுருந்தாக்கூட ஒத்துப்பாங்க" என்றான் சாய்நாத்.

"நாலாவதா இருந்தா நாலுன்னு போட்டுருப்பேன்."

இரண்டு நிமிடத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. மேலாளர். ஒரே ஒரு பந்தைத் தடுத்ததற்கு முதலிடமா என்றார். எந்த அணி கோல்கீப்பரை முதல் ஆளாக எடுக்கிறது என்றார். கடைசியாக, அடுத்த வருடம் கடலூருக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று தன்மையாகவே சொன்னார்.

"பாத்துக்குங்க சார். இந்த வருசம் கையெழுத்து என்னுது. ஒரு நிமிசம், லைன்லயே இருங்க. கேளுங்க."

ஸ்பீக்கரைப் போட்டு, கையை நீட்டி, போனை வலையோடு ஒட்டிப் பிடித்தாள். கடல் காற்று இரைந்தது. அதற்கு மேலே சிவப்ரியாவின் கட்டிப்போன குரல்: "வலது, வலது! நில்லு. அங்கயே நில்லு." போனுக்குள்ளிருந்து ஹலோ ஹலோ என்று கேட்டது. விருத்தாம்பாள் கையை இறக்கவில்லை. எதிரே தமிழ்ச்செல்வி பந்தை ஸ்டிக்கில் வைத்துக்கொண்டு இடப்பக்கம் ஓர் அடி போனாள், வலப்பக்கம் ஓர் அடி வந்தாள், எங்கும் வழியில்லாமல், கோல் அடிக்கக்கூடிய வட்டத்துக்கு வெளியே மூச்சிரைக்க நின்றாள்.