தாழ்ப்பாளுக்கு நாலு விரல் கீழே

"பையைக் கூட வைக்காம ஏன்டி நிக்கிற? உள்ள வா. நம்ம தவளை எவ்வளவு சமத்தாயிட்டா பாரு," என்றாள் பெரியவள்.

சின்னவள் பார்த்தாள். கூடத்து நாற்காலியில், யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது அக்காவின் குழந்தை. வேறு ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்துச் சின்னவள் கிளம்பிப் போய்ப் பதினான்கு மாதம். அப்போது குழந்தைக்கு ஐந்து வயது. கட்டிலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து சித்தியின் முதுகுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும். தவளை என்று பெயர் வைத்ததே சின்னவள்தான். அந்தத் தவளை இப்போது சித்தியைப் பார்த்து மெல்லச் சிரித்ததோடு சரி. எழுந்து வரவில்லை.

"சித்தி," என்றது. குரல் கரகரவென்று இருந்தது. கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. முடி கொட்டி நெற்றி ஏறியிருந்தது. முகம் மட்டும் உப்பிப் பளபளத்தது.

"அக்கா, மாத்திரை குடுக்கிறியா இல்லையா?"

பெரியவள் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரைக் கழுவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்.

தவளை பிறந்த நாலாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் தெரிந்துபோன விஷயம் அது. பிள்ளைக்குத் தைராய்டு சுரக்கவில்லை. டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. தினம் காலையில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை ஒன்று, ஆயுசு முழுக்க. அது தவறாமல் உள்ளே போனால் மற்ற பிள்ளைகள் மாதிரி வளரும், படிக்கும், அடம்பிடிக்கும், அவ்வளவுதான் என்றார். ஐந்து வருஷம் ஒரு நாள் தவறாமல் கொடுத்தவள் பெரியவள். அப்புறம் பெரியவளின் கணவரான மாமாவின் அக்கா இந்த வீட்டுச் சமையலறைக்குள் மிக்சியோடு வந்தாள்.

ஊரே அவளை ஜூஸ் அத்தை என்றது. மாமாவின் அக்கா என்பதால் அக்காவுக்கும் தங்கைக்கும் அண்ணி. அவளுக்கு ஒரு வீடியோ சேனல் இருந்தது. அடுப்பில் ஏறியது எதுவும் உணவில்லை, அட்டையில் அடைத்து வருவது எதுவும் மருந்தில்லை என்பது அவள் கட்சி. கீரைச் சாறு, வெள்ளரிச் சாறு, ஊறவைத்த விதை. வாரம் ஒரு நாள் இந்த வீட்டுச் சமையலறைக் கதவோரம் தவளையையும் தன் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, கையில் ஆளுக்கொரு பச்சை டம்ளரைக் கொடுத்துப் படம் பிடிப்பாள். "மருந்தில்லா மகள்" என்று தலைப்பு. மகளாம். பெற்றவள் ஓரமாக நின்று டம்ளர் கழுவுவாள்.

"முன்ன மாதிரி ஓட்டம் இல்ல, கத்தல் இல்ல," என்றாள் பெரியவள், முகத்தைத் திருப்பாமலே. "எட்டு மணிக்குப் படுத்தா எழுப்பினாத்தான் எழுந்திருக்கா. சதை போட்டிருக்கா. போன வருஷ யூனிஃபார்ம் கூட இந்த வருஷமும் அப்படியே பத்துதுடி!"

அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். வளராத பிள்ளைக்குப் போன வருஷ உடுப்பு பத்தாமல் என்ன செய்யும்? அதை விடக் கொடுமை, போனில் அந்த உப்பிய கன்னத்தைப் பார்த்து 'தேறிட்டாளே' என்று சின்னவளும்தான் கொஞ்சியிருக்கிறாள். தினம் நூறு பேர் ரத்தத்தைத் தொடுகிறவள். தன் மீதே வந்த அந்த எரிச்சல் யார் மீதாவது இறங்கியே தீர வேண்டும்.

மறுநாள் ஜூஸ் அத்தை படப்பிடிப்புக்கு வந்தபோது இறக்கினாள்.

"அண்ணி, உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தா டாக்டர்கிட்ட போறீங்கதானே? இவளுக்கு மட்டும் ஏன் இலையும் தழையும்?"

"என் தம்பி பொண்ணு எனக்கும் பொண்ணுதான்," ஜூஸ் அத்தை மிக்சி மூடியை அழுத்தினாள். "ஆயுசுக்கும் மாத்திரைன்னு ஒரு பிள்ளை தலையில எழுதி ஒட்டிட்டான் அந்த டாக்டர். நான் கிழிச்செறிஞ்சேன். அது உனக்குப் பொறுக்கல."

"ரத்தம் எடுத்துப் பார்ப்போம். ஒரே ஒரு தடவை."

"நாலு பாட்டில்ல பேர் எழுதி ஒட்டுற வேலைக்குப் போயிட்டா டாக்டராயிடுவியா? உங்க வம்சத்துலயே நீதான் முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சவ. அதுக்கே இந்த ஆட்டமா?" சொல்லிவிட்டு மிக்சியை ஓடவிட்டாள். அதற்கு மேல் யார் பேசினாலும் கேட்காது.

மாமா கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "பிள்ளை எங்களுது. வந்தியா, இருந்தியா, சாப்பிட்டியா, கிளம்பு. எங்க அக்காவைக் கேள்வி கேக்கற வேலை வெச்சுக்காதே."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா டம்ளரைப் பார்த்தாள்.

பஸ் ஏறுமுன் பழைய டாக்டருக்குப் போன் செய்தாள். "உடனே கூட்டிட்டு வாங்கம்மா, ஏற்கெனவே ரொம்ப நாளாச்சு," என்றார். யார் கூட்டி வருவது? பெற்றவள் கையெழுத்துப் போட வேண்டும். பெற்றவள் கண் திறக்க வேண்டும்.

மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஊசியும் பஞ்சும் அடுக்கிய மேசை ஓரமாக உட்கார்ந்து, ஜூஸ் அத்தையின் வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்தாள். அறுபத்தொன்று. திட்டுவதற்காகத்தான் பார்க்க ஆரம்பித்தாள். நாற்பதாவதில் கை நின்றது. மறுபடி முதலாவதுக்குப் போனாள்.

அதே சமையலறை. அதே கதவு. அதே தாழ்ப்பாள். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று ஜூஸ் அத்தை ஒரு வாரம்கூட இடத்தை மாற்றவில்லை. முதல் வீடியோவில் தவளையின் உச்சந்தலை தாழ்ப்பாளுக்கு நாலு விரல் கீழே. அத்தை மகள் அதற்கும் ஒரு விரல் குட்டை. அறுபத்தொன்றாவதில் அத்தை மகள் தாழ்ப்பாளைத் தொட ஒரு விரல்தான் பாக்கி. தவளை அதே நாலு விரல் கீழே, சுவரில் அடித்த ஆணி மாதிரி.

டம்ளர் இரண்டிலும் ஒரே சாறு. ஒருத்திக்கு மாத்திரை தேவையில்லை, ஒருத்திக்குத் தேவை. அவ்வளவுதான் வித்தியாசம். அதை வாரா வாரம் தேதி போட்டுப் பதிவு செய்து வைத்திருக்கிறாள் மகராசி!

சின்னவள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து எழுதினாள்: "அண்ணி, அன்று நான் பேசியது தப்பு. படித்த திமிரில் பேசிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்." ஒவ்வொரு எழுத்தும் விளக்கெண்ணெய் மாதிரி இறங்கியது. பதினொரு பேர் கும்பிடு போட்டார்கள். மாமா இரண்டு கும்பிடு. அரை மணி நேரத்தில் ஜூஸ் அத்தையே கூப்பிட்டாள்.

"பரவால்லடி. காலேஜ் போனவங்களுக்கும் புத்தி வரும்னு நிரூபிச்சிட்டே."

"அண்ணி, ஞாயித்துக்கிழமை மண்டபத்துல நடக்கப்போற உங்க சேனல் விழாவுக்கு நானே ஒரு வீடியோ தொகுத்துத் தரேன். பெரிய திரையில ஜம்முனு இருக்கும்."

"நான் நல்லா தெரியணும்."

"நீங்க தெரியற மாதிரி யாருமே தெரிய மாட்டாங்க அண்ணி."

முதல் மூன்று நிமிஷம் முழுக்க ஜூஸ் அத்தைதான். சிரிக்கிறாள், அரைக்கிறாள், ஊற்றுகிறாள், பின்னால் வீணை. அனுப்பியதும் பதில் வந்தது: "சூப்பர்!" அத்தையை அறிந்தவளுக்கு அது ஆச்சரியமில்லை. தன் முகம் முடிந்த இடத்தில் அவள் பார்ப்பதை நிறுத்திவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இருநூறு பேர், பாதிப் பேர் பிள்ளைகளோடு வந்த தாய்மார்கள். முன்வரிசையில் மாமா, பெரியவள், அவள் மடியில் தூங்கி வழியும் தவளை. மேளதாளம் இல்லாத குறைதான். ஜூஸ் அத்தை மேடையேறினாள், விளக்கை அணைக்கச் சொன்னாள்.

மூன்று நிமிஷம் கைதட்டல். பிறகு வீணை நின்றது. திரையில் சமையலறைக் கதவு வந்தது. கதவோரம் இரண்டு பெண் குழந்தைகள், ஒருத்தியின் முகம் கலங்கலாக மறைக்கப்பட்டிருந்தது. கீழே தேதி. தாழ்ப்பாளுக்குக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. வாரத்துக்கு ஒரு நொடி. முகம் மறைத்தவள் செடி மாதிரி கிளம்பி மேலே போனாள். மற்றவள் நின்றாள். முடி குறைந்தது, முகம் உப்பியது, கண் சின்னதாகிக்கொண்டே போனது. தலை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அறுபத்தொரு நொடி ஓடியது.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு தாய் உரக்கக் கேட்டாள்: "ஏங்க, அந்தப் பொண்ணு ஏன் வளரவே இல்ல?"

"யாராவது நிறுத்துங்க!" ஜூஸ் அத்தை கத்தினாள். ஒலிபெருக்கியில் அதுவும் கணீரென்று கேட்டது. அவள் சேனலில் அவளே பேசிய நல்ல வசனம் அது ஒன்றுதான்.

சின்னவள் திரையைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவளின் கை குழந்தையின் உச்சந்தலைக்குப் போனது. அங்கிருந்து தன் நெஞ்சு வரை விரல்களை வைத்து எதையோ அளந்தாள். பிறகு எழுந்தாள். மாமா புடவைத் தலைப்பைப் பிடித்தார். "உட்காரு, எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். நான்தான் பார்க்காம இருந்துட்டேன்," என்று தலைப்பை உருவிக்கொண்டு குழந்தையைத் தோளில் போட்டு, தங்கையிடம் திரும்பினாள். "ஏய், எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு."

ரத்தம் எடுத்தார்கள். அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுநாள் காலையிலேயே மாத்திரை. "கொஞ்ச நாள்ல மறுபடி ஓடுவா," என்றார். "உயரம்? முழுசா எட்டிப் பிடிப்பாளான்னு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா." பெரியவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். சின்னவள் தடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து ஜூஸ் அத்தை போன் செய்தாள். சேனலை மூடியாயிற்று. வீடியோக்களையும் அழித்தாயிற்று. ஆனால் சின்னவள் பொதுவில் போட்ட அந்த அறுபத்தொரு நொடி மட்டும் கைக்குக் கை மாறிக்கொண்டே இருந்தது.

"காய் வாங்கப் போனாக்கூட முகத்தைப் பார்த்துச் சிரிக்கறாங்கடி. எடுத்துடு. என் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணுமில்ல. அதனாலதான் அவ முகத்தை மறைச்சேன், அண்ணி. உங்க சேனல் பேரைத்தான் மறைக்கல."

"நான் நல்லதுன்னு நினைச்சுத்தானே..."

"இருக்கலாம்."

"உன் கால்ல வேணா விழறேன். எப்பதான் எடுப்பே?"

சின்னவள் அன்றைக்கு அக்கா வீட்டில்தான் இருந்தாள். சமையலறைக் கதவில் தவளையை நிறுத்தி, தலையில் அட்டையை வைத்துப் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். பழைய இடத்திலிருந்து ஒரு நூல் மேலே.

"கால்ல விழ வேணாம், அண்ணி. இங்க வாங்க. ஒவ்வொரு மாசமும் ஒண்ணாந்தேதி வந்து, இந்தக் கதவுல நீங்களே உங்க கையால அளந்து கோடு போடுங்க. தவளை உங்க பொண்ணு உயரத்துக்கு வரட்டும். அன்னிக்கு எடுக்கறேன்."

அந்தப் பக்கம் ஜூஸ் அத்தையின் குரல் அவசரப்பட்டது. "என் பொண்ணும் வளர்ந்துகிட்டேதானே இருப்பா? தவளை எட்டலேன்னா?"

"எட்டலேன்னா எடுக்க மாட்டேன்," என்றாள் சின்னவள்.