மூன்று மணித் தூசி

ஹிபினோ சட்சுகிக்குப் பேச்சுத்துணை ஒரே ஒரு ஆள்தான். காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும், டைல்ஸ் தொழிற்சாலையின் சிவப்புச் சூளையில் வேலை செய்யும் காஜியுரா, டப்பா காபி இரண்டோடு அவளுடைய ஆய்வறைக் கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு வருவார்.

"என்ன டாக்டரம்மா, இன்னிக்காவது மாவு சொன்ன பேச்சக் கேட்டுச்சா?"

"இல்ல, காஜியுரா-சான். இன்னிக்கும் கவுத்திருச்சு."

"விடுங்க. என் மகனும் அப்படித்தான்."

அது டைட்டானியம் மாவு. அதன் அணுக்கள் அனடேஸ் என்ற அடுக்கில் இருக்கும்வரை வெயில் பட்டால் அழுக்கைத் தின்னும். சூடு மிஞ்சினால் ரூட்டைல் என்ற அடுக்குக்கு மாறிச் சோம்பேறியாகிவிடும், பிறகு திரும்பி வராது. தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் டைல்ஸ் வேண்டுமென்றால், தொள்ளாயிரம் டிகிரியிலும் அது அனடேஸாகவே இருக்க வேண்டும். மூன்று வருடமாக அவளும் சிலிக்கா கலந்து பார்க்கிறாள், நடக்கவில்லை. செப்டம்பர் முடிவுக்குள் நடக்காவிட்டால் ஆய்வறையை மூடிவிட்டு அவளை விற்பனைப் பிரிவுக்கு அனுப்பப் போவதாக மேலாளர் கட்சுமதா சொல்லிவிட்டார். போனை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்கிற பெண்ணை விற்பனைக்கு அனுப்புவதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஒன்றுதான்.

ஆகஸ்டில் ஓபோன் விடுமுறை வந்தது. முன்னோர்களை வரவேற்க எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். தொழிற்சாலை இருக்கும் தஜிமி ஊரை விட்டால் சட்சுகிக்குப் போக இடமில்லை. ஹொக்கைடோ வீட்டை அண்ணன் எப்போதோ விற்றுவிட்டான். ஆளில்லாத தொழிற்சாலையில் தனியாக உலையை மூட்டித் தொள்ளாயிரம் வரை ஏற்றினாள். ஆறிய மாவை எக்ஸ்ரே கருவியில் வைத்தாள். திரையில் அனடேஸுக்குரிய இருபத்தைந்து டிகிரிக் கோணத்தில் ஒரு கூர்முனை எழுந்தது. ரூட்டைலுக்குரிய இருபத்தேழில் ஒன்றுமே இல்லை. முழுக்க அனடேஸ்.

"வந்துருச்சு!" என்று கத்தினாள். கேட்க ஒரு பூனைகூட இல்லை. சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் இருப்பது துக்கத்தைவிடப் பெரிய தொல்லை.

விடுமுறை முடிந்து எல்லோரும் வந்ததும் மாவு மறுபடி கவிழ்ந்தது. அதே எடை, அதே உலை, அதே தண்ணீர். ஆறு முறை செய்தும் ஆறு முறையும் ரூட்டைல். ஏழாவது முறை, செப்டம்பர் எட்டாம் தேதி, அனடேஸ் வந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். எட்டாம் தேதி முதுகு பிடித்துக்கொண்டதென்று காஜியுரா வேலைக்கே வரவில்லை.

அவர் சூளையில் டைல்ஸுக்குப் பூசும் சிவப்பு, இரும்புத் துரு. துளி இரும்பு கலந்தாலும் டைட்டானியம் சீக்கிரம் மாறிவிடும் என்று அவளும் படித்தவள்தான். ஆனால் காபி கொண்டுவந்து மாவு அரைக்கும் கலுவத்துக்குள் எட்டிப் பார்க்கிற மனிதரின் சட்டைத் தூசியில் போய் யார் குற்றத்தைத் தேடுவார்கள்?

இரண்டு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. பத்து மணிக் காபியையும் மூன்று மணிக் காபியையும் குடித்தாள். இரண்டு நாளும் மாவு கவிழ்ந்தது. மூன்றாம் நாள் கட்சுமதா மேஜையையும் அலமாரியையும் அளக்க ஆள் அனுப்பினார். அன்று காஜியுராவிடம் சொல்லிவிட்டாள்.

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு சுவர் அதிரச் சிரித்தார்.

"அப்போ மூணு வருஷமா எல்லாத்தயும் கெடுத்தது நானா? என் பொண்டாட்டியும் முப்பது வருஷமா இதத்தான் சொல்றா!"

அவரே போய் மேலாளரிடமும் சொன்னார். ஒரே வாரத்தில் ஆய்வறைக்கு இரட்டைக் கதவு வந்தது, காற்று வடிகட்டி வந்தது, பிறர் நுழையக் கூடாதென்று பலகையும் வந்தது. மாவு தொடர்ந்து பன்னிரண்டு முறை அனடேஸாகவே நின்றது. தலைமையகத்திலிருந்து வந்தவர் அவளிடம், "உங்களுக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்; மூன்று மணி கடந்திருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அவளே சிவப்புச் சூளைக்கு நடந்து போனாள். தூரத்திலேயே பார்த்துவிட்ட காஜியுரா இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ஐயையோ, அங்கேயே நில்லுங்க டாக்டரம்மா! கிட்ட வராதீங்க!"

"சும்மா பேசத்தான் வந்தேன்."

"பேசுறதாவது! ஒரு தூசி ஒட்டுச்சுன்னா உங்க மூணு வருஷமும் போச்சு. டேய், தொடப்பத்தக் கீழ போடுங்கடா! யாரும் அசையாதீங்க!"

பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று பின்வாங்கிச் சுவரோரம் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் அவளைப் பற்றிய பெருமை. போனால் போகட்டும், உள்ளே வருகிறேன் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. வார்த்தையாகவில்லை.

குனிந்து வணங்கினாள். அவர்களும் சுவரோரத்திலிருந்தே, அவள் திரும்பிப் போகும்வரை குனிந்து நின்றார்கள்.