நாலே நாலு சாமான்

அப்பாவின் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டும்போதே மகளுக்குக் கோபம் தாங்கவில்லை.

"தனியா அனுப்பாதன்னு எத்தனை தடவை சொன்னேன்? காதுலயே போட்டுக்கலயே நீ."

அம்மா போர்வையை இழுத்து அவர் பாதத்தை மூடினாள்.

முப்பது வருஷம் பஸ் பஸ்ஸாக ஏறி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் டிக்கெட்டைப் பார்த்த செக்கர் அவர். இரண்டு வருஷமாக ஞாபகம் கொஞ்சம் தடுமாறியது. ஆள் தெரியும், வழி தெரியும், கிண்டலுக்கும் குறைவில்லை. கடைக்குப் போனால் மட்டும் போன காரியம் மறந்துபோகும். அவர் படி இறங்கியதுமே அம்மா கடைக்காரருக்கு ஃபோன் செய்து பட்டியலைச் சொல்லிவிடுவாள். அவரும் தானாக எடுத்துத் தருவதுபோல் பையில் போட்டுவிடுவார். அப்பாவுக்கு இது தெரியாது என்றே மகள் நினைத்திருந்தாள்.

"இன்னைக்கு ஃபோன் பண்ணியா?"

"இல்ல. அவர்தான் வேணாம்னாரு."

"அவருக்குத் தெரியுமா?"

"ரொம்ப நாளாவே தெரியுமாம். 'இன்னைக்கு ஒரு நாள் என்னை விட்டுப் பாரு, நாலே நாலு சாமான்'னாரு. சீட்டுகூட வாங்கிக்கல." அம்மா மூக்கைத் துடைத்தாள். "வந்து பையை வெச்சுட்டு, 'எல்லாம் இருக்கா பாரு'ன்னாரு. பார்த்துட்டு, சரியா இருக்குன்னேன். அப்படி ஒரு சிரிப்பு. நாற்காலில உக்காந்தவர்தான். டாக்டர் வந்து மாரடைப்புன்னுட்டுப் போனாரு."

மகள் அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"என்னென்ன வாங்கச் சொன்ன?"

"பால், பல்பு, உப்பு, சோப்பு."

பையில் மூன்று சோப்பும் ஒரு பல்பும் இருந்தன. கவிழ்த்து உதறினாள். வேறொன்றும் இல்லை. அதுவரை வராத அழுகை அப்போது பொத்துக்கொண்டு வந்தது.

வாசலில் கடைக்காரர் தயங்கி நின்றார்.

"அம்மா இன்னைக்கு ஃபோன் பண்ணலயா, நான் பின்னாடி மூட்டை இறக்கிட்டிருந்தேன். சார் வந்துட்டுப் போனதே அப்பறம் கடைப் பையன் சொல்லித்தான் தெரியும். எதையாச்சும் விட்டுட்டாராம்மா? மனசே கேக்கல."

அம்மா தலைநிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"இல்லண்ணா," என்றாள் மகள். "நாலும் சரியா வாங்கிட்டு வந்தாரு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்பாவின் அருகில் நின்றார்.

மகள் கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தாள். அம்மா ஒன்றும் கேட்காமல் வாங்கிக் குடித்தாள்.