தங்கையின் இருமல்

அக்கா நெஞ்சக நோய் மருத்துவர். இருமிக்கொண்டு வருகிற எவரிடமும் அவள் முதலில் கேட்பது, "சமீபத்துல எங்கயாவது பயணம் போனீங்களா?" என்பதுதான். சொந்தத் தங்கையிடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவள் சொல்லத் தொடங்கிவிடுவாளே!

தங்கை புகைப்படக்காரி. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். அவள் ஊர் திரும்பினால் வீடே சுற்றி உட்கார்ந்துவிடும். அம்மா வாயைப் பிளந்து கேட்பாள். பதினைந்து வருடமாக ஒரே வார்டைச் சுற்றி வருகிற அக்காவிடம் "சாப்பிட்டியா?" என்பதோடு சரி. இந்த முறையும் தங்கை வாயைத் திறந்ததுமே அக்கா எழுந்து போய்விட்டாள்.

இரண்டாம் வாரம் தங்கைக்குக் காய்ச்சல், வறட்டு இருமல். அக்காவே மருந்து கொடுத்தாள். பத்து நாளாகியும் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பொட்டுப் பொட்டாக வெள்ளை. காசநோயோ என்று சளியைச் சோதித்தால் அதுவும் இல்லை.

ஆய்வகத்துக்காரி கேட்டாள்: "டாக்டர், இவங்க எங்க போயிட்டு வந்தாங்க?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "தெரியாது."

நேரே தங்கையின் கட்டிலில் போய் உட்கார்ந்தாள். "போயிட்டு வந்த கதையைச் சொல்லுடி."

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. இருமிக்கொண்டே போனை நீட்டினாள். மலை, அருவி, தோளில் கைபோட்டுச் சிரிக்கும் கூட்டம். ஒவ்வொரு படத்துக்கும் அக்காவுக்கு வயிறு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். ஒரு குகைப் படத்தில் விரல் நின்றது. தரையெல்லாம் கறுப்புத் தூள்.

"இது என்னடி?"

"வௌவால் எச்சம்க்கா. ரெண்டு மணி நேரம் அதுல படுத்துத்தான் எடுத்தேன்!"

அந்தத் தூளில் வளரும் பூஞ்சை மூச்சோடு உள்ளே போயிருந்தது. ரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் உறுதியானது. பூஞ்சைக்கான மாத்திரை தொடங்கிய ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது.

"எங்கக்காதான் கண்டுபிடிச்சா!" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் தங்கை பீற்றிக்கொண்டாள். அக்காவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"அன்னிக்கே காது கொடுத்துக் கேட்டிருந்தா பத்து நாள் நீ அவஸ்தைப்பட்டிருக்க வேண்டாம். பொறாமைடி எனக்கு. வேற ஒண்ணுமில்ல."

"எனக்குத் தெரியாதாக்கா? உன்னை வெறுப்பேத்தத்தானே சத்தமாச் சொல்றது."

மூன்று மாதத்தில் நுரையீரல் தெளிந்தது. தங்கை மறுபடி மூட்டை கட்டினாள். அவள் பையில் முகக்கவசங்களைத் திணித்து வழியனுப்பிவிட்டு வார்டுக்குக் கிளம்பிய அக்காவுக்கு, உள்ளே புகையத்தான் செய்தது.